பறிக்கு எத்தனை குதிரைத்திறன்

பசியாவரம் மீனவர் சங்கத்தின் பழைய டேட்டாபேஸுக்குத் திரைப் பக்கங்களை ஒவ்வொன்றாக நிரல் எழுதிக் கட்ட, சங்கத்துக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினிக்குப் பொறுமை இல்லை. ஒரு மென்பொருள் கருவியை ஏவிவிட்டாள். உள்ளே கிடந்த அட்டவணைகளைப் படித்து, சேர்க்க, திருத்த, நீக்க என்று அதுவே பக்கங்களைக் கட்டிக் கொடுத்தது.

"நீ ஒண்ணும் எழுதலியே, எப்படிமே வந்துச்சு?" கஸ்தூரி திரையை மோந்து பார்ப்பதுபோலக் குனிந்தாள்.

"உள்ள இன்னா கட்டம் இருக்கோ, அதப் பாத்து வரைஞ்சுக்கும்க்கா."

கஸ்தூரி பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். கெளுத்தி முள் குத்திய கையில் இன்னும் வீக்கம் வடியவில்லை. இன்று சங்கத்தில் பெயர் ஏறினால்தான் விபத்துக் காப்பீடு.

பெயரைப் போட்டார்கள். 'படகு எண் கட்டாயம்' என்று சிவப்பாக வந்து நின்றது.

"எனக்கு ஏதுமே படகு? பறியும் மிதக்குதில்ல, அதப் போடு."

ஷாலினி சிரித்துக்கொண்டே படகுப் பக்கத்தைத் திறந்தாள். நீளம் கேட்டது.

"ஒரு முழம்."

குதிரைத்திறன் கேட்டது.

"இன்ஜினு நான்தான். கஞ்சி குடிச்சா ஒண்ணு, இல்லாட்டி அரை."

பெயர் ஏறியது. கூடவே, யார் எப்போது வலை கட்டலாம் என்று முறை வைக்கும் 'பாடு' பக்கத்திலும் ஏறியது: முகத்துவாரத்தில் வலை கட்ட அடுத்த முறை கஸ்தூரிக்கு. படகு இருந்தால் பாடு உண்டு என்று பழைய அட்டவணையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

செயலாளர் பெருமாள் பார்த்துவிட்டார். "பொம்பளைக்கு ஏதும்மா பாடு? அழி! ஊரே என் கழுத்தப் புடிக்கும்."

"அழிச்சா இன்சூரன்சும் போயிடும் மாமா," என்றாள் ஷாலினி.

"பாடு நான் இப்ப கேக்கல, செக்ரட்டரி," என்றாள் கஸ்தூரி. "இப்ப."

ஷாலினி பறிப் படகை நீக்கினாள். அட்டவணைக்குள் போய் அந்தக் 'கட்டாய'த்தை எடுத்துவிட்டு, கருவியை மறுபடி ஏவினாள். பாடு போனது; படகு இல்லாமலே பெயர் நின்றது.

"எம் பேருக்கு நேரா காலியா கெடக்குதே? படகைத் தொலைச்சவள்னு நெனைப்பாங்க. எதால புடிக்கிறேன்னு ஒரு கட்டம் போடு."

போட்டாள். பக்கத்தில் புதுக் கட்டம் முளைத்தது.

"அட, சொன்னவொடனே வந்துடுச்சே!" கஸ்தூரி வீங்கிய விரலால் தானே தேடித் தேடி 'கை' என்று தட்டினாள். சேமித்தது.

பெருமாள் வாய் திறப்பதற்குள் அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே ஈரச்சேலையும் கையில் பறியுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"வாங்கடி, படகு கேக்கல."