ஏழு பேருக்கு இரண்டு நிமிஷம்

...படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவன்தானே அவன், லண்டன் ஆபீஸ் குமாஸ்தா, துரை வாசித்த ஏழு பேரில் கடைசிப் பேர், பட்டாளத்தில் சேரவில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை, ராத்திரி குண்டு விழுந்தது, போய்விட்டான், பாவம், பாவமில்லை என்றா சொன்னேன், யுத்தத்தில் செத்த கம்பெனி ஆட்களுக்கென்று அடித்த பித்தளைப் பலகையில் அவன் பேர் பளபளவென்று இருக்கட்டும், ஆனால் இதே கம்பெனியின் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதிய என் தம்பி பஞ்சுவின் பேர் ஏன் இல்லை? போன வாரம் துரையின் அறைக்குள் போய்க் கேட்டேன், குழையவில்லை, நிமிர்ந்து நின்றே கேட்டேன். உன் தம்பி யுத்தத்தில் சாகவில்லை வெங்கட், வியாதியில் செத்தான், அது வேறு என்றான். வேறாம்! ஜப்பான்காரன் துப்பாக்கியைக் காட்டி லாரியில் ஏற்றி, சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்து, காலரா வந்தபோது ஒரு வாய் மருந்து கொடுக்காமல் சாகவிட்டானே, அது யுத்தம் இல்லையென்றால் பின்னே என்ன, கல்யாணமா? யுத்தம் முடிந்து ஒரு வருஷம் கழித்து இன்றைக்குப் பலகை மாட்டியாயிற்று, பேர்கள் வாசித்தாயிற்று, டைப்ரைட்டர்கள் ஓய்ந்துவிட்டன, ஆபீஸ் முழுக்க எழுந்து தலைகுனிந்து நிற்கிறது, இரண்டு நிமிஷம் மௌனம் என்று உத்தரவு.

மௌனம் வாய்க்குத்தானே, மனசுக்கு யார் உத்தரவு போடுவது... இங்கே பம்பாயில், மாட்டுங்காவில் சினிமாவுக்குப் போனால் படத்துக்கு முன்னால் யுத்தச் செய்தி காட்டுவார்கள், லண்டனில் இடிந்த வீடு, உள்ளேயிருந்து ஒருத்தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவான், கொட்டகையே ச்சொ ச்சொ என்னும், நானும் சொன்னேன், அழகான பூனை. ரங்கூனில் குண்டு விழுந்து நம் ஜனங்கள் காடும் மலையுமாக நடந்து, வழியெல்லாம் விழுந்து செத்தார்களே, அந்தப் பூனைக்குக் கொடுத்த இடமாவது அவர்களுக்கு உண்டா? சீனாக்காரனை ஜப்பான்காரன் வருஷக்கணக்காக அடித்தான், அதைச் சுண்டல் மடித்த பேப்பரில் படித்தோம். ஜாவாவில் டச்சுக்காரன் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறான், அது உள்பக்கம். சயாம் ரயில் பாதை மட்டும் இப்போது பக்கம் பக்கமாக வருகிறது, எலும்பும் தோலுமாக வெள்ளைக்காரக் கைதிகள், போட்டோவோடு, சரி, பட்டார்கள், எனக்கும் வயிறு எரிந்தது, கூடக் கிடந்து செத்த தமிழ்க் கூலிகளுக்கு ஒரு வரி, அதுவும் கடைசி வரி. யார் இதையெல்லாம் நிறுத்துப் பார்த்து இடம் ஒதுக்குகிறவன், அவன் தராசைக் கொஞ்சம் நான் பார்க்க வேண்டுமே!

வீட்டிலாவது நியாயம் உண்டா? பஞ்சு வருவான் என்கிறாள் அம்மா, அவன் ஆத்துக்காரி அபயாம்பாள் விடிந்ததும் குங்குமம் இட்டுக்கொள்கிறாள், தேதி தெரியாத சாவுக்குத் திதி எது? மகாளய அமாவாசையன்று, தர்ப்பணத்தின் கடைசியில் தர்ப்பையை அவிழ்த்து, யாருமே இல்லாதவர்களுக்கென்று விடுகிற ஜலத்தில் அவனை ஒளித்துவைத்தேன், அம்மாவுக்குத் தெரியாமல், இத்தனை பேர் இருந்தும் யாருமில்லாதவனாக... தாராவியில் தோல் பதனிடுகிற வானமாமலை மட்டும் அந்தச் சயாம் காட்டிலிருந்து உயிரோடு திரும்பி வந்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னான். "சாமி, ஒங்க தம்பிக்குக் கடைசிமுட்டும் கஞ்சித்தண்ணி ஊத்துனது எம் பொஞ்சாதியாக்கும். அவுகளுக்கு வந்த சீக்கு அவளுக்கும் வந்துட்டு. ரெண்டு பேரையும் ஒரே குழியிலதான் போட்டாவ."

மணி அடித்துவிட்டது. நாற்காலிகள் கரகரவென்று இழுபடுகின்றன, எல்லோரும் உட்காருகிறார்கள், என் முழங்கால் மடங்கவில்லை, மடக்க மாட்டேன், நடப்பது நடக்கட்டும். பக்கத்து மேஜை கிட்டு சட்டையை இழுக்கிறான். "ஓய், மணி அடிச்சாச்சுங்காணும், உக்காரும்." துரை பார்க்கிறான், முடிந்துவிட்டது வெங்கட் என்கிறான். என் சம்பளத்தில் அம்மா, அபயாம்பாள், என் குழந்தைகள், எல்லாம் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன், "ஏழு பேருக்கு முடிஞ்சது சார், எட்டாவது ஆளுக்கு இப்பத்தான் ஆரம்பம்." அவன் முகம் சிவக்கிறது, சிவக்கட்டும், ஒரு டைப்ரைட்டரும் தட்டவில்லை, பஞ்சு, பார்த்தாயாடா, இந்த மௌனம் உனக்கு, பலகையில் இல்லாவிட்டால் போகிறது.

போதும், உட்காரலாம், ஜெயித்தாயிற்று... இல்லை, இரு, அந்தக் குழியில் இவன் தனியாகவா கிடக்கிறான், கஞ்சித்தண்ணி ஊற்றினவள், அவளுக்கு? அவள் பேர்... பேர் சொன்னானே வானமாமலை, துண்டு முனையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னானே, நான் காபி டம்ளரை நீட்டி, "பஞ்சு எங்களைப் பத்தி ஏதாவது சொன்னானா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன், பேச்சியா, பேராச்சியா, ஆறுமுகத்தாயா, ஐயோ, என்ன பேர் அது? துரை எழுந்து என் மேஜையை நோக்கி வருகிறான். கிட்டு மறுபடி இழுக்கிறான். "போறும் ஓய், வேலை போயிடும்!" இரும் கிட்டு, இன்னும் ஒருத்தி இருக்கா, பேர் வரட்டும், உக்காரறேன்.