இரண்டு நொடிச் சிரிப்புக்கு இடமில்லை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. போலந்தின் பிட்கோஷ்ச் நகரில், போக்னாவின் சமையலறையில் நான் புளிப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே இரண்டு நண்பர்கள் நான்கு கிலோபைட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் அழுதார். யார் என்பதில் என் முதல் வரைவு பொய் சொன்னது. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

தொடக்கங்கள்:

"தடைகள் இல்லாத இடத்தில் கற்பனைக்கு வேலை—" (விட்டுவிட்டேன். கட்டுரைப் போட்டி வாடை.)

"ஷிமோன் பிப்ரவரியில் இறந்தான்." (உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே நீங்கள், கத்தியவர்களில் ஒருவனான அவன் அண்ணன் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.)

சாய்ந்தால் சாயுங்கள். நானும் சாய்ந்தேன்.

2

ஒரு வீடியோ கேமுக்காகச் சேர்ந்த நாங்கள் நான்கு பேர். போக்னா டிராம் பணிமனையில் மின்பழுது பார்ப்பவள், நிரல் அவளுடையது. இரெக் செயற்கைப் பல் செய்பவன். படங்களும் இசையும் அவன். இரெக்கின் தம்பி ஷிமோன், விளையாட்டின் கட்டங்களை வடிவமைத்தவன். நான் இருபது வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டும் தமிழன். திரையில் வரும் வசனங்கள் என் பொறுப்பு.

தொண்ணூறுகளில் சந்தைக்குச் சந்தை விற்ற சாம்பல்நிறப் போலிக் கன்சோலுக்கு, யாரும் கேட்காமலே, புது விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கால்வாயில் சரக்குப் படகை மதகு மதகாகக் கடத்த வேண்டும். கன்சோலில் செருகும் கேட்ரிட்ஜில் மொத்தமும் நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். உங்கள் கைபேசியில் இருக்கும் மங்கலான புகைப்படம்கூட அதைவிடப் பெரியது.

அந்தக் கன்சோலால் ஒரே வரிசையில் எட்டு உருத்துண்டுகளுக்கு (திரையில் நகரும் குட்டிப் படங்கள்) மேல் காட்ட முடியாது; ஒன்பதாவது மறைந்துபோகும். எல்லோரும் இதை ஒளிக்கப் பார்ப்பார்கள். ஷிமோன், படகுகளை வேண்டுமென்றே ஒரே வரிசையில் நெரித்துவிட்டு, "பனிமூட்டம்" என்றான். கடைசிக் கட்டத்தில் படகுகள் தோன்றித் தோன்றி மறையும். எது நிஜம் என்று தெரியாமல் கை வியர்க்கும்.*

* (இங்கே ஒரு பத்தி தத்துவம் எழுதி அடித்துவிட்டேன். பனிமூட்டத்தைப் பார்த்தாலே போதும்.)

அந்தக் கட்டத்தை முடித்த மூன்றாம் வாரம் ஷிமோனுக்கு மாரடைப்பு. வயது நாற்பத்தொன்று.

3

ஏப்ரலில் இரெக் ஓர் ஒலிப்பதிவுடன் வந்தான். பிறந்தநாள் போல இங்கே கொண்டாடும் பெயர்நாள் விருந்து ஒன்றில் ஷிமோன் சிரித்தது. இரண்டு நொடி.

"விளையாட்டு முடியும்போது இது வரணும்" என்றான்.

"நாலு கிலோபைட்டுடா. மீதி இருக்கறது இருநூத்திப் பதினொரு பைட்" என்றாள் போக்னா.

"கேட்ரிட்ஜ்ல கூடுதல் சிப் ஒண்ணு வை. அந்தக் காலத்துக் கம்பெனிங்களே வச்சுத்தான் வித்தாங்க. அது என்ன திருட்டா?"

"இன்னிக்கி சிரிப்புக்கு ஒரு சிப். நாளைக்கி உன் பாட்டுக்கு ஒண்ணு. அப்புறம் இந்தப் பழைய டப்பா எதுக்கு? கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாமே."

"தாயே, பிரசங்கம் வேணாம். இடம் இருக்கா, இல்லையா?"

"ஷிமோனோட கடைசிக் கட்டத்தைத் தூக்கினா இருக்கு. தூக்கட்டுமா?"

இரெக் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"நாப்பதுன்னு நாலு பேரும் சேர்ந்துதானடா பேசினோம்?"

"நாலுல ஒருத்தன் இல்ல, போக்னா."

இந்த இடத்தில் முதல் வரைவில் இரெக்கை அழவைத்தேன். போக்னாவைக் கல்நெஞ்சக்காரியாக்கி, மேசையைத் துடைத்துக்கொண்டே இருக்கவைத்தேன். நன்றாகத்தான் வந்தது.

நடந்தது வேறு. இரெக் முந்தின நாளே அனுப்பியிருந்த அந்தச் சிரிப்பை அவள் கன்சோலில் ஏற்றிக் கேட்டிருந்தாள். "சரளைக்கல் உருள்ற மாதிரி இருக்குடா" என்றாள். "நாலு தடவை கேட்டேன். அஞ்சாவது தடவை, அவன் நிஜமா எப்படிச் சிரிப்பான்னு எனக்கு ஞாபகம் வரல. அதையும் பிடுங்கிக்காத." அழுதது அவள்தான்.

இரெக் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சூப்பை முடித்தேன். (வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றும் தெரியவில்லை.)

4

மூன்று வாரம் போக்னா நிரலைச் சுரண்டினாள். பிறகு என்னிடம் வந்தாள். "உன் வசனம் எல்லாம் போகுது. கோச்சுக்காத."

"எவ்ளோ?"

"முன்னூறு வார்த்தைக்குப் பத்தொம்போது நிக்கும்."

கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள். கிடைத்த இடத்தில் அரை நொடி ஒலி பிடிக்கும். அவள் எடுத்தது சிரிப்பை அல்ல. சிரிக்குமுன் ஷிமோன் இழுக்கும் மூச்சை. விக்கல் போல ஒரு மூச்சு. அது மட்டும் அந்தக் கன்சோலில் சரளைக்கல்லாகவில்லை.

அதற்குள் இரெக் தன் பல்பட்டறையில், கூடுதல் சிப் வைத்து, முழுச் சிரிப்போடு இன்னொரு கேட்ரிட்ஜைத் தயார் செய்துவிட்டான்.

5

பக்கத்து ஊரான தோருனில், ஒரு பள்ளி விளையாட்டரங்கில், பழைய கன்சோல் பிரியர்களின் ஆண்டுச் சந்திப்பு. பகல் பதினொரு மணி. மேசையில் ஒரு கன்சோல், இரண்டு கேட்ரிட்ஜ்கள். பேசிக்கொள்ளாத இரண்டு பேர், நடுவில் நான்.

முடிவு அ: எல்லோரும் போக்னாவின் சிக்கனத்துக்குக் கைதட்டுகிறார்கள், இரெக் திருந்தி— (சீ.)

முடிவு ஆ: சிரிப்பு அரங்கை நிறைக்க, போக்னா மன்னிப்புக் கேட்டு, இருவரும்— (இதைவிடச் சீ.)

நடந்தது: முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து போக்னாவின் கேட்ரிட்ஜைச் செருகினாள். பனிமூட்டத்தில் ஆறு முறை செத்து, ஏழாவதில் கரைசேர்ந்தாள். ஆட்டத்தை முடிக்கப் பொத்தானை அமுக்கினாள். மூச்சு கேட்டது. திரை அப்படியே நின்றது.

"மாட்டிக்கிச்சா?" என்று திரும்பினாள். "யாரோ சிரிக்க வந்தாங்களே. அப்படியே நின்னுடுச்சு."

அவளுக்குப் பின்னால் இரெக் நின்றிருந்தான். "சிரிக்கத்தான் வந்தான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றான்.

"கேட்டாலே தெரியுதே."

அவள் போனதும் அவன் உட்கார்ந்தான். பிப்ரவரிக்குப் பிறகு தம்பியின் கட்டத்தை அவன் தொட்டதே இல்லை. இடது பக்கம் தன் கேட்ரிட்ஜை வைத்துக்கொண்டு, போக்னாவுடையதை ஆடினான். இரண்டு முறை மோதினான். "கழுத" என்று தம்பியைத் திட்டினான். போக்னா மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டாள். "இடப்பக்கம் வர்றது பொய்ப் படகுடா." "தெரியும், சும்மா இரு." கரை வந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது.

6

இதுவரை எழுதியதைப் போலிஷில் இருவருக்கும் சொல்லிக்காட்டினேன். போக்னா, "நான் அழுததை வச்சுக்கோ" என்றாள். இரெக், "எல்லாம் எழுதிக்கோ. பொத்தானை அமுக்கினப்புறம் நான் என்ன பண்ணேன்கறதை மட்டும் விட்டுடு" என்றான்.

விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து புது விளையாட்டு தொடங்கியதையும், சிப் வைப்பதா வேண்டாமா என்று இன்னும் கத்திக்கொள்வதையும் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. அந்தச் சில நொடிகளுக்கு இல்லை.

நீங்கள் அந்தப் பொத்தானை அமுக்கலாம். உங்கள் வீட்டிலும், சிரிக்குமுன் ஒருவர் இழுத்த மூச்சு உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.