தலைக்கயிறு யார் கையில்

சலவைக்கூடத்துப் பின்புற லாயத்தில் நின்ற குதிரைக்குச் சீமாட்டி என்று பெயர். வண்டி இழுத்துப் பிழைக்கிற குதிரைக்குக் கொஞ்சம் அதிகப்படியான பெயர்தான். ஆனாலும் அவள் நடையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை. வெளுத்த துணி மூட்டைகள் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போய்வருவாள். அப்படிப்பட்டவள் இப்போது முதுகில் ஒரு புண்ணை வைத்துக்கொண்டு, மருந்தோடு கிட்டே வருகிறவர்களையெல்லாம் உதைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் உதை சலவைக்கூடத்தை நடத்தும் வீட்டுக்காரருக்கு. அவர் மருந்தும் கையுமாகப் பின்பக்கமாகப் போய் நின்றார். பயந்துவிடாதீர்கள், எலும்பு உடையவில்லை. தொடை மட்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடியே, "வெள்ளிக்கிழமை தரகர் வரட்டும், ஓட்டிட்டுப் போகட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த உதை மாட்டு டாக்டரின் தோல் பைக்கு. அவர் சிதறிய சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு, வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றே வைத்தியம் சொன்னார். "வெதுவெதுப்பா உப்புத் தண்ணி. பொருக்கு ஊறி வந்தப்புறம் களிம்பு. சேணம் கட்டவே கூடாது. ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தலைக்கயிறு, ஒருத்தர் மருந்து. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கணும். உதைக்க வந்தா தலையை உங்க பக்கம் இழுங்க, பின்பக்கம் தானா அந்தாண்ட போயிடும்."

வீட்டுக்காரரின் மனைவிக்குக் குதிரையை விற்க மனமில்லை. தாயில்லாத குட்டியாக வந்தவளுக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். தெருவில் அவளை மொடமொட அண்ணி என்பார்கள். அவள் கஞ்சி போட்ட சட்டை ஆள் இல்லாமலே எழுந்து நிற்குமாம். அவள் கழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான், யாருக்கும் வளைந்து பழக்கமில்லை.

புண் எப்படி வந்தது என்று அவளுக்கு ஒரு முடிவு இருந்தது. கொழுந்தன்தான். வேறு யார்? லோடு ஆட்டோ வாங்க வேண்டும் என்று அவன் ஒரு வருஷமாக அண்ணன் காதைத் தின்றுகொண்டிருந்தான். குதிரை போனால்தானே ஆட்டோ வரும்? போதாததற்குத் தினமும் சாயங்காலம் லாயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளேயிருந்து படார் படார் என்று சத்தம் வரும். அவள் துணிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் கையை உதறிக்கொண்டு வெளியே வருவான்.

"என்ன தம்பி சத்தம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி, தூசி தட்டினேன்."

தூசியாம். அவள் சீமாட்டியின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். ஓர் அடித்தழும்பு இல்லை. அதனால் அவள் சந்தேகம் குறைந்ததா? கூடியது. தழும்பு விழாமல் அடிக்கத் தெரிந்தவன் எவ்வளவு கைகாரன்! அவன் சிரித்தால் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தாள். சிரிக்காவிட்டால் எதையோ திட்டம் போடுகிறான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை உப்புத் தண்ணீர் வாளியோடு அவள் லாயத்துக்கு வந்தபோது, அவன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான்.

"தலைக்கயிறு நான் பிடிக்கிறேன் அண்ணி."

கயிறு அவன் கையில், இவள் விலா குதிரையின் விலாவோடு. அவன் ஒரு நொடி கயிற்றைத் தளர்த்தினால் போதும். அண்ணனுக்குத் தொடை போச்சு, அண்ணிக்கு எது போகுமோ. ஆனால் கணவரோ எழுந்து நிற்க முடியாதவர். தெருவில் கேட்டால் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்து இடுப்புவலி.

"எதுக்கு இவ்வளவு அக்கறை?" என்றாள்.

"அக்கறைப்பட்டா தப்பா? சரி, அக்கறையில்லாம பிடிக்கிறேன். வாங்க."

"கயிறு நழுவிடுச்சு, கொசு கடிச்சுதுன்னு ஏதாவது சொன்னே..."

"அதைக் கேக்கறதுக்கு நீங்க முழுசா இருக்கணுமே அண்ணி."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் கொண்டுபோயிருக்கும்."

தோளருகே போய்க் கையை வைத்தாள். கையை எடுக்காமலே முதுகு வரை தடவிக்கொண்டு போனாள், ஒட்டி நின்றாள். ஈரத்துணி புண்ணில் பட்டதும் சீமாட்டியின் தோல் மொத்தமும் நடுங்கியது. காது பின்னால் படிந்தது. பின்னங்கால் எழுந்தது.

"ஒட்டியே நில்லுங்க!" என்று அவன் கத்தினான். குதிரையின் தலை வெடுக்கென்று இவர்கள் பக்கம் திரும்பியது. பின்பக்கம் விலகிப் போனது, எதிர்ச்சுவர்ப் பலகையில் குளம்பு பட்டுப் பலகை இரண்டாகப் பிளந்தது.

அண்ணி பலகையைப் பார்த்தாள், கயிற்றைச் சுற்றிச் சிவந்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள். 'உதை தன்மேல் படக்கூடாதென்று இழுத்திருப்பான்' என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, அது அவ்வளவு நியாயமாகப் படாமல், மறுபடி துணியை நனைத்தாள்.

இந்த முறை சீமாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொருக்கு ஊறிக் கையோடு வந்தது. அண்ணி அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள். வழவழவென்று பசை. தேய்த்த விரல் நின்றது. இத்தனை வருஷம் அந்தப் பசையில் ஊறிய விரல்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கஞ்சி. அவள் காய்ச்சிய கஞ்சி.

புதிதாகப் பிடித்த பெரிய ஓட்டலுக்கு வண்டி போகிறதே, எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, சேணத்துக்கு அடியில் மடித்துப் போடும் துணியையும் அவள் வெளுத்துக் கஞ்சி போட்டிருந்தாள். பலகை போல விறைத்த மடிப்பு முதுகை அறுத்திருக்கிறது. வியர்வையில் கரைந்த கஞ்சி ரோமத்தோடு ஒட்டிக் காய்ந்து, சேணத்தை எடுக்கும்போதெல்லாம் தோலைப் பிய்த்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும் அண்ணி. அந்தத் துணியைத்தான் தினமும் சுவத்துல அடிச்சு அடிச்சு மெதுவாக்கினேன். நீங்க விடிஞ்சதும் மறுபடி கஞ்சில முக்கிடறீங்க."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"உங்க கஞ்சியைக் குத்தம் சொல்லிட்டு இந்த வீட்ல யாரு நிம்மதியா சோறு தின்னிருக்கா?"

அண்ணி களிம்பை எடுத்துப் புண் முழுவதும் மெதுவாகப் பூசினாள்.

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். "என்ன சத்தம்? யாரு போயாச்சு?"

"யாரும் போகல. தரகரை வரவேணாம்னு சொல்லிடுங்க. அவ மேல தப்பில்ல. என் கஞ்சி அவ முதுகை அறுத்திருக்கு."

"அப்போ எனக்கு விழுந்த உதை உனக்கு வரவேண்டியதா?" என்று கேட்டார். அதற்கப்புறம் தரகர் பேச்சை அவர் எடுக்கவில்லை.

முதுகில் புதுத் தோல் மூடும் வரை சேணம் கட்டக் கூடாது. ஓட்டல்காரனோ துணிக்குக் காத்திருக்க மாட்டான். வெள்ளிக்கிழமை காலை கொழுந்தன் வண்டியில் குதிரை பூட்டும் இரண்டு கம்புகளுக்கு நடுவே நுழைந்து நின்றான், அண்ணி பின்னாலிருந்து தள்ளினாள். சீமாட்டி லாயத்து வாசலில் புல்லை மென்றபடி இரண்டு பேரையும் மேற்பார்வை பார்த்தாள்.

மேடு வந்தது. மூட்டைகள் மலையாகக் கனத்தன. அண்ணி தலையை எட்டி நீட்டி அவன் தோள்பட்டையைக் கவனித்தாள்.

"தம்பி, நிஜமாவே இழுக்கறியா, இல்ல சும்மா பிடிச்சுக்கிட்டு வர்றியா?"