ஐந்து தடவை குறுக்கே போன பூனை

சிங்காரவேல் பிரேக்கை மிதித்த வேகத்தில் தமயந்தியின் மடியிலிருந்த ஹெல்மெட் உருண்டு காலடியில் விழுந்தது.

"என்னண்ணா, என்ன ஆச்சு?"

"பூனைங்க மேடம். கன்னங்கரேல்னு இருக்குது. வலது பக்கத்துலேர்ந்து வந்து இப்படிக்கா பூந்து ஓடிச்சு." சொல்லிக்கொண்டே எஞ்சினையும் அணைத்துவிட்டார். "யாராச்சும் ஒருத்தரு தாண்டிப் போவட்டும். அப்புறம் போலாம்."

2014ஆம் வருடம், மார்ச் மாதம். மணி எட்டு ஐம்பது. டவுன்ஷிப்பைத் தாண்டிச் சுரங்கத்துக்குப் போகும் அந்தச் சாலையில் முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. பத்து மணிக்குச் சுரங்கத்துக்குள் ஒரு ராட்சத இயந்திரம் ஓடியாக வேண்டும். வாளிகள் பொருத்திய பெரிய சக்கரத்தைச் சுழற்றி, நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண்ணை வெட்டியெடுக்கும் இயந்திரம். ஆறு வாரமாகப் பிரித்துப்போட்டு மறுபடியும் பூட்டியிருந்தார்கள். மின்சார வேலை முழுவதும் தமயந்தியின் பொறுப்பு. உடுமலைப்பேட்டையிலிருந்து இங்கே வேலைக்கு வந்து ஏழு வருடமாகிறது. ஒரு இயந்திரத்தை அவளை நம்பி முழுசாக விட்டது இதுதான் முதல் தடவை. விடியுமுன்பே எழுந்து குளித்து, ஷூவைத் துடைத்து, ஜீப் வருவதற்கு அரைமணி முன்பே வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"சிங்காரவேலண்ணா, இன்னைக்குப் போய் இதெல்லாம் பார்க்கலாமா?"

"இன்னிக்குன்றதாலதான் பாக்குறேன். வேற நாளா இருந்தா நான் ஏன் நிக்கப் போறேன்?"

பின்சீட்டில் இயந்திரத்தின் ஆபரேட்டர் கிளமென்ட் உட்கார்ந்திருந்தார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "யோவ், எங்க அண்ணன் கப்பல்ல இருக்கான். வெள்ளக்காரன் கப்பல்ல கருப்புப் பூனைய வேணும்னே ஏத்திக்குவானாம். அது இருந்தா கப்பல் முழுவாதாம். நீ என்னடான்னா வண்டிய நிறுத்திப்புட்டு நிக்கிற!"

"அது தண்ணி சார். இது ரோடு."

கிளமென்டுக்குப் பக்கத்தில் ஊவே. இயந்திரத்தைச் செய்த ஜெர்மன் கம்பெனியின் பொறியாளர். சோதனை ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியவர். ஏன் நின்றோம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமயந்தி சற்றுக் கூச்சத்தோடு சொன்னாள். அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தாள். ஊவே சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது?"

"வலமிருந்து இடம்."

"ஐயோ." ஊவே நெற்றியைத் தடவினார். "எங்கள் வீட்டில் வலமிருந்து இடம் என்றால் கெடுதல் என்பார்கள். இடமிருந்து வலம் போனால் நல்லது. என் மனைவி ஊரில் இதையே தலைகீழாகச் சொல்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இது தீராத சண்டை."

தமயந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அம்மாவும் இப்படித்தான். வாசலில் பூனை குறுக்கே போனால் திரும்ப உள்ளே வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

"தோ, தோ! திரும்பி வருது!" என்று சிங்காரவேல் கத்தினார்.

இடது பக்கத்து முந்திரி மரங்களுக்குள்ளிருந்து பூனை வெளியே வந்தது. இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வலது பக்கம் ஓடியது. அங்கே சுரங்கத் தண்ணீரைக் கொண்டுபோவதற்கான இரும்புக் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன.

"இடமிருந்து வலம்!" ஊவே தொடையில் தட்டினார். "கணக்கு நேராகிவிட்டது. போகலாம்!"

சிங்காரவேல் சாவியைத் திருகப் போனார். அதற்குள் பூனை மறுபடியும் குறுக்கே ஓடியது, வலமிருந்து இடம். இந்தத் தடவை அதன் வாயில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

"குட்டி!" என்றாள் தமயந்தி. "குட்டியைத் தூக்கிட்டுப் போகுதண்ணா! எடம் மாத்துது!"

காலடியில் கிடந்த ஹெல்மெட்டைத் தமயந்தி எடுத்து மாட்டிக்கொண்டாள். நான்கு பேரும் கீழே இறங்கிவிட்டார்கள். பூனை குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்றார் சிங்காரவேல். தான் முன்பு வேலை பார்த்த ரஷ்யாவில், புது வீட்டுக்குள் முதலில் பூனையைத்தான் விடுவார்கள், அப்புறம்தான் மனிதர்கள் நுழைவார்கள் என்றார் ஊவே. இதைத் தமயந்தி தமிழில் சொன்னதும், "அப்ப ரஷ்யாக்காரன் புத்திசாலி," என்று கிளமென்ட் தீர்ப்புச் சொன்னார். பூனை நாலாவது தடவையாகச் சாலையைக் கடந்து குழாய்களுக்குள் மறைந்தது. அடுத்த குட்டி கறுப்பா வெள்ளையா என்று கிளமென்டும் சிங்காரவேலும் வாதாட ஆரம்பித்தார்கள். தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

அப்போதுதான் பக்கவாட்டு மண்பாதையிலிருந்து ஹைட்ரா கிரேன் ஒன்று உறுமிக்கொண்டு வந்து குழாய்கள் அருகே நின்றது. கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர் இறங்கி ஒரு குழாயில் தூக்குவதற்கான பெல்ட்டைச் சுற்றத் தொடங்கினார்கள். சத்தத்தில் மிரண்ட பூனை, அந்தக் குழாய்க்குள்ளிருந்து அம்பு மாதிரி வெளியே பாய்ந்து, சாலையைக் கடந்து முந்திரி மரத்தடியில் போய் நின்றது. அங்கிருந்து குழாயைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தியது.

"அஞ்சாவது தபா," என்றார் சிங்காரவேல்.

தமயந்தி அதன் வாயைப் பார்த்தாள். வாயில் ஒன்றுமில்லை.

"உள்ளே இன்னும் இருக்குது!"

சொல்லும்போதே ஓடினாள். குழாய் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பிவிட்டது. "நிறுத்துங்க! இறக்குங்க! உள்ளே உசுரு இருக்குது!" எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவளைத் தாண்டிக் கிளமென்ட் ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவரால் அப்படி ஓட முடியும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கிரேன் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "பெரியண்ணே! எறக்கு! மெதுவா எறக்கு!"

கிரேன் ஓட்டிய பெரியண்ணன் திகைத்துப்போய்க் குழாயை மெல்ல இறக்கினார். தமயந்தி குனிந்து டார்ச் அடித்தாள். குழாயின் நடுவில் ஒரு கறுப்புக் குட்டியின் இரண்டு சிறு கண்கள் மின்னின.

இரண்டடி விட்டம், இருபதடி நீளம். கிளமென்ட் தோளோடு சிக்கிக்கொள்வார். ஊவேவுக்குக் கால் மடங்காது. சிங்காரவேல் இரண்டடி பின்வாங்கினார். "நான் கருப்புக் குட்டியத் தொடமாட்டேங்க மேடம். கோவிச்சுக்காதீங்க."

"குழாய் உருளாம ரெண்டு பக்கமும் கல்லு வைங்க. கிரேனை ஆஃப் பண்ணிடுங்க." ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு தமயந்தி தலையை உள்ளே நுழைத்தாள்.

முழங்கையால் ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். துரு மூக்கில் ஏறியது. வெளியே ஊவே ஜெர்மனில் என்னவோ கத்துவது குழாய் முழுக்க முழங்கியது. கை எட்டியதும் குட்டி சீறி மணிக்கட்டில் கீறியது. அவள் விடவில்லை. கழுத்தைப் பற்றி இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உள்ளங்கை அளவுதான். அதன் இதயம் அடிப்பது அவள் விரல்களில் படபடவென்று தெரிந்தது. அந்தத் துருக் குழாய்க்குள் படுத்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே வந்தபோது கண்ணில் துருத்தூள் விழுந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. "யாராவது பிடிங்க, சீக்கிரம்!" என்று குட்டியை நீட்டினாள். முன்னால் நின்றது சிங்காரவேல். என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் அவர் வாங்கிவிட்டார். கையில் குட்டி, எதிரே கத்தும் தாய். வேறு வழியில்லாமல் சாலையைக் கடந்து போய் முந்திரி மரத்தடியில் விட்டார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு உள்ளே மறைந்தது.

அவர் திரும்பியதும் கிளமென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், ஒரு ஆளு தாண்டணும்னு நின்னுக்கினு இருந்தியே. நீயே தாண்டிட்ட!"

சிங்காரவேல் ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அட, ஆமாம் சார்! ஏறுங்க, ஏறுங்க!"

ஜீப் பறந்தது. சுரங்கத்துக்குள் இறங்கி இயந்திரத்தின் அடியில் போய் நின்றபோது மணி பத்தாக இரண்டு நிமிடம். துருவும் மண்ணுமாக வந்து நின்ற தமயந்தியைத் தலைமைப் பொறியாளர் தலை முதல் கால் வரை பார்த்தார். "என்னம்மா கோலம் இது?"

"அப்புறம் சொல்றேன் சார். ஆரம்பிக்கலாம்."

கிளமென்ட் உயரத்துக் கேபினில் ஏறினார். அபாயச் சங்கு ஒலித்தது. தமயந்தி ஸ்விட்சைப் போட்டாள். வெட்டிய மண்ணைச் சுமந்துபோகும் பெல்ட் ஓர் உலுக்கு உலுக்கி நின்றது. பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சிங்காரவேல் கீழே தலையில் கை வைத்துக்கொண்டார். ஊவேகூட அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தமயந்திக்குத் தெரியும். ஆனால் பேனலில் எரிந்த விளக்கு அவளோடு வேறு பாஷையில் பேசியது. அது பெல்ட் ஓரமாகப் போகும் அவசரக் கயிற்றின் விளக்கு. ஆபத்தென்றால் பெல்ட்டை நிறுத்த இழுக்கும் கயிறு. அதிலுள்ள ஸ்விட்ச்களில் ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது.

"யாரும் எதையும் தொடாதீங்க!" மெயின் ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடைபாதையில் ஓடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு ஸ்விட்சாகக் கையால் தடவிக்கொண்டே போனாள். கம்பித் தளம் காலடியில் கடகடத்தது. பதினோராவதில் நெம்புகோல் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று கயிறு கட்டியவர்கள் அதைத் தூக்கிவிட மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டக்கென்று மேலே தள்ளினாள். கூடவே மீதி ஒன்பதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

மறுபடியும் சங்கு. மறுபடியும் ஸ்விட்ச்.

பெல்ட் நகர்ந்தது. நிற்கவில்லை. தலைக்கு மேலே அந்தப் பெரிய சக்கரம் முனகி, அசைந்து, ஒரு வாளி, இன்னொரு வாளி என்று சுழலத் தொடங்கியது. சக்கரம் மண் சுவரைத் தொட்டதும் தரை அதிர்ந்தது. செம்மண் கொட்டி, பெல்ட்டில் ஏறி, ஆறு மாதிரி ஓடியது.

"இடமிருந்து வலம்!" என்று இரண்டு விரலைக் காட்டிக் கையை வீசிக் கத்தினார் ஊவே. "இரண்டு தடவை போனதல்லவா, அதுதான்!"

"மூணு தபா அந்தப் பக்கம் போச்சே சார், அதுக்கென்ன சொல்றீங்க?" என்று சிங்காரவேல் தமிழிலேயே திருப்பிக் கத்தினார். ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமலே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வாக்கி டாக்கியில் கிளமென்டின் குரல் கரகரத்தது. "மேடம்! வந்துக்கினே இருக்குதுங்க மேடம்! மண்ணு வந்துக்கினே இருக்குது!"

தமயந்தி பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினாள். கிணற்றடியில் நின்று ஊரையே கூப்பிடுகிறவள் மாதிரி, "ஓஓஓ" என்று ஒரு கத்துக் கத்தினாள். மேலே கேபினிலிருந்து அதே சுருதியில் ஒரு கனத்த குரல் திரும்பி வந்தது.