காதுக்காரர் மகன்

துணி ஆலையின் பாய்லர்மேன் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பாய்லரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால் போதும். எந்த வால்வு மக்கர் என்று பட்டென்று சொல்லிவிடுவார். இருபது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ‘காதுக்காரர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்த மறுமாதமே அவர் மகனைக் கூப்பிட்டு அதே வேலையில் அமர்த்தினார் மானேஜர்.

காதில் ஒன்றுமில்லை என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். யாரும் வருமுன் ஆலைக்குப் போய், வால்வு வால்வாகச் சோதித்து, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அடைப்பெடுத்து வைத்துவிடுவார் அவர். எட்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் கம்பி வித்தை.

“ஸ்பானர் பிடிச்சா மெக்கானிக்ம்பான். கம்பி வச்சுக் கேட்டா மேதைம்பான். வெளியே மூச்சு விடாதே” என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

அன்று காலை மகன் போன் செய்தான். பாய்லர் முனகுகிறதாம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் முக்கால் வரை நிற்கிறதாம். கம்பி வைத்துப் பார்த்ததில் கோளாறு எதுவும் கேட்கவில்லையாம். நிறுத்துவதா, ஓட்டுவதா?

போன் மானேஜர் கைக்கு மாறியது. “என்னம்மா, அப்பா காது பையனுக்கு வந்திருக்கா, இல்லையா?”

குழாயை அடைப்பெடுத்தானா என்ற கேள்வி அம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் இருபது வருடப் பெயர் சந்தி சிரிக்கும்.

“வராம எங்கே போகும் சார்? அவர் ரத்தமாச்சே.”

பத்தேகாலுக்கு பாய்லர் வெடித்தது. அடைத்த குழாயில்தான் தண்ணீர் நின்றிருந்தது, பாய்லருக்குள்ளே வற்றிவிட்டது. பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு கிடந்த மகன் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டான்.

“அப்பாவுக்குன்னா கேட்டிருக்கும்ல? நான் அவர் பிள்ளைதானாம்மா?”

அதற்கு மேல் அம்மாவால் முடியவில்லை. விடியற்காலை, வால்வு, குழாய், சத்தியம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அவன் மெதுவாகச் சொன்னான்.

“குழாய் சுத்தம் பண்ண எனக்கும் தெரியும்மா. பாய்லர் பரீட்சையிலயே வந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை. அப்பா செஞ்சு நான் ஒருநாளும் பார்த்ததில்லையேன்னுதான் விட்டுட்டேன்.”

அம்மா கட்டுப்போட்ட கையைத் தொடப் போனாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நகர்த்திக்கொண்டான்.