ஜெனிஸ்டன் சொன்ன செபமாலை

செபமாலையில் ஒரு தேவ இரகசியத்துக்குப் பத்து ‘அருள் நிறைந்த மரியே’. எத்தாளைக் கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. போன ஒக்டோபரில், வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் தன் வீட்டுக்கு வந்த அன்று, ஜெனிஸ்டன் ஒரே இரகசியத்தில் இருபத்தேழு சொன்னான். செபமாலை கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது; கைக்கு அகப்பட்ட மணியிலிருந்து மறுபடி மறுபடி தொடங்கினான். வந்திருந்த சனமும் லேசுப்பட்டதல்ல. நிறுத்தினால் மாதாவுக்கு மரியாதைக் குறைவு என்று இருபத்தேழுக்கும் பதில் சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டிய பிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பதினொரு வருடக் கஞ்சா செய்த வேலை அது. என்ஜினுக்கு எண்ணெய் வாங்கப் போனால் பேக்கரிப் பாணோடு வருவான். பாண் வாங்கப் போனால் வரவே மாட்டான். சொந்த மீன்பிடி வள்ளத்தையும் விற்றுப் புகைத்தாயிற்று. இதற்கெல்லாம் அசையாத மனிதனை அசைத்தது, மறுநாள் காலையில் மனைவி சுஜாந்தி சொன்ன அந்த இருபத்தேழுதான். அவள் பகிடி விடுகிறாள் என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பத்துக்கு மேல் போனதே தனக்குத் தெரியாது என்று விளங்கியதும் மிச்சக் கஞ்சாவை அடுப்பில் போட்டான்.

அன்றோடு விட்டான். இரண்டு கிழமை நித்திரையில்லை. சுவரோடும் சண்டை பிடித்தான். பிறகு சுஜாந்தி அவனைப் புத்தளத்துக்கு, டாக்டர் ஷிம்லாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஞாபகம் திரும்பி வரும். ஆனா உங்கட அவசரத்துக்கு வராது,” என்றார் டாக்டர். “நல்லாத் தூங்குங்க. ஒரு நேரத்தில ஒரு வேலைதான்.”

மாதங்கள் போகப் போக, எண்ணெய்க்குப் போனவன் எண்ணெயோடு வந்தான். கில்பட்டின் வள்ளத்தில் தொழிலுக்கும் போனான். கில்பட் சுஜாந்தியின் அண்ணன். பீடியைக்கூடத் தொடாதவர், அதைத் தினமும் சொல்லிக்காட்டுபவர்.

மறுபடி ஒக்டோபர் வந்தது. சுஜாந்தி நேரே கேட்டாள்.

“இந்த முறை செபமாலையை நீங்க சொல்லுறீங்களா, அண்ணனைக் கூப்பிடவா? இதுவும் பிழைச்சா, இனி எண்டைக்கும் இந்த வீட்டில அண்ணன்தான்.”

“நான்தான் சொல்லுவன்.”

ஐந்து இரகசியங்களை மணிகள் பார்த்துக்கொள்ளும். அவனுக்குப் பயம் அதற்குப் பிறகு வருவதில்தான். வந்திருக்கும் எல்லா வீட்டாரின் மரித்தவர்களையும் வீட்டுக்காரன் பெயர் சொல்லி வேண்ட வேண்டும். தாளைப் பார்த்து வாசித்தால் ஊர் முகம் சுளிக்கும். மொத்தம் இருபத்துமூன்று பெயர். டாக்டரிடம் ஓடினான்.

“யோசிக்காமச் சொல்லக்கூடிய வரிசை ஏதும் உங்களுக்குத் தெரியுமா?”

“கரையில வள்ளம் நிக்கிற வரிசை.”

“அப்ப அந்தந்த வீட்டுப் பேரை அந்தந்த வள்ளத்தில ஏத்துங்க.”

மாதா வந்தா. வீடு நிறைந்து முற்றத்திலும் சனம் நின்றது. ஐந்து இரகசியமும் பத்துப் பத்தாக, அச்சுப் பிசகாமல் போயின. முன்வரிசையில் இருந்த அல்பொன்சா மாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்து ஏமாந்துபோனா. பிறகு ஜெனிஸ்டன் மனதுக்குள் கரையில் இறங்கி, வள்ளம் வள்ளமாக நடந்தான். பெயர்கள் வந்தன. கடைசி வள்ளமும் முடிந்தது. நின்றான்.

இருபத்திரண்டு.

“பொறுங்க. ஒராள் குறையுது.”

கில்பட் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவசரத்துக்கு உதவட்டும் என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார்.

“எல்லாம் சொல்லிட்டாய் மச்சான். முடி.”

சுஜாந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிடுவது சுலபம். ஆனால் போன வருடம் பதினேழு கூடியது தெரியாமல் இருந்தவனுக்கு, இப்போது ஒன்று குறைவது தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தை விட அவனுக்கு மனமில்லை.

“இல்ல மச்சான். குறையுது.”

கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கரையில் நடந்தான். அல்பொன்சா மாமி வீட்டு நீல வள்ளத்துக்குப் பக்கத்தில் வெறும் மணல். அவன் விற்ற வள்ளம் நின்ற இடம். சொந்த வீட்டுப் பெயரை யார் மறப்பார் என்று அதற்கு மட்டும் அவன் வள்ளம் தேடியிருக்கவில்லை.

“நிக்கொலஸ்,” என்றான். “என்ர அப்பா.”

“நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே!” என்று சனம் கூரை அதிரச் சொன்னது.

செபம் முடிந்ததும் சுஜாந்தி அண்ணனின் தாளைப் பறித்துப் பார்த்தாள்.

“அண்ணா, உங்கட தாளில மாமாட பேரே இல்லையே!”

“நான் பீடிகூடக் குடிக்கிறதில்லையே!” என்று கில்பட் திருதிருவென்று விழித்தார். இம்முறை சனம் வாசலைத் தாண்டும்வரை காத்திருக்கவில்லை. மாதாவுக்கு முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தது. ஜெனிஸ்டனும் சிரித்தான். இப்படிச் சிரித்து எத்தனை வருடம் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. தெரியாமலே சந்தோஷமாக இருந்தது.

கில்பட் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு மாதா எங்கட வீட்டுக்கு வாறா. நீ வந்து சொல்லு மச்சான்.”

ஜெனிஸ்டன் வாயைத் திறக்குமுன் சுஜாந்தி முந்திக்கொண்டாள்.

“வருவார் அண்ணா. அவருக்கு ஞாபகம் இருக்கும்.”