கதவின் கட்சி

கறுப்பு பீன்ஸ் வேக இன்னும் நேரம் இருந்தது. மைஷாபெல் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆப்பிள் தோப்புக்குக் கிளம்பிய பிஷென்டே வாசல் கதவைத் தோளால் இடித்தான். மழைக்காலம் வந்துவிட்டால் அந்த ஓக் மரக் கதவு ஊறிப் பருத்துவிடும். திறக்கும்போது கல் தரையில் உரசிக் கிரீச்சென்று கத்தும். அடுத்த பண்ணை வீடு வரை கேட்கும்.

“நாளைக்கு இழைச்சு விட்டுடறேன்.”

“எந்த வருஷத்து நாளைக்கு?”

பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே அவன் சிரித்தான். “சரி, பாட ஒரு பொருள் குடு. கைக்குத்தான் வேலை. வாய் சும்மாதானே இருக்கு.”

வீட்டில் அது அவர்களுடைய விளையாட்டு. ஊருக்கு முன்னால் அதுவே அவர்களுடைய தொழில். பிஷென்டே மேடையில் நின்று அந்த நொடியிலேயே பெர்ட்சோ என்ற எட்டடிப் பாட்டைக் கட்டிப் பாடுபவன். மைஷாபெல் பாடகர்களுக்குப் பொருள் கொடுப்பவள். நீ நீதிபதி, நீ திருடன், நீ மழை, நீ குடை என்று இரண்டு பேருக்கும் எதிரெதிர்க் கட்சி பிரித்துக் கொடுத்துவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

“நீதான் இந்தக் கதவு,” என்றாள், கத்தியை அவன் பக்கம் நீட்டி. “இழைக்கறேன் இழைக்கறேன்னு வருஷக்கணக்கா ஏமாத்தின ஆளு, இதோ உன் வழியா வெளியே போறான். அவன்கிட்ட பேசு.”

அவன் கண் உத்தரத்துக்குப் போயிற்று. மைஷாபெல்லுக்கு அந்தப் பார்வை தெரியும். பெர்ட்சோ பாடுகிறவர்கள் முதல் அடியை முதலில் தேடுவதில்லை. கடைசி அடியைத்தான் முதலில் கட்டுவார்கள். போய்ச் சேர வேண்டிய இடத்தை மனத்துக்குள் முடிந்துவைத்துக்கொண்டு, பிறகுதான் தொடக்கத்திலிருந்து பாடிக்கொண்டு வருவார்கள். கேட்பவனுக்குக் கடைசியில் விழும் இடி, பாடுகிறவன் கையில் ஆரம்பத்திலேயே இருக்கிறது.

“கடைசி அடி கிடைச்சிடுச்சு!” என்றான்.

“பாடு, கேப்போம்.”

“போயிட்டு வந்து. மீதியை நடந்துகிட்டே கட்டிக்கறேன். இப்ப கேட்டேன்னா சிரிச்சுச் சிரிச்சு பீன்ஸை அடிபிடிக்க விட்டுடுவே.”

மெட்டை முனகிக்கொண்டே போனான். கதவு அவன் பின்னால் கத்தி மூடியது.

தோப்பில், ஏணிக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில் அவனைக் கண்டெடுத்தார்கள். நெஞ்சு நின்றுபோயிருந்தது. தோளால் இடித்துத் திறந்துகொண்டு போன கதவு வழியே அவனை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அப்போதும் அது கத்தியது.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு, மைஷாபெல்லை ஒரே ஒரு விஷயம் விடாமல் அரித்தது. படுக்கையின் காலிப் பக்கத்தைக்கூட அவள் பார்த்துப் பழகிக்கொண்டாள். ஆனால் அவன் கட்டி முடித்து வாயிலேயே வைத்துக்கொண்டு போன அந்தக் கடைசி அடி என்ன? ஊரெல்லாம் பாடித் தீர்த்தவன், அவளுக்கென்று கட்டியதைப் பாடாமல் போய்விட்டான்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பாடகனைக் கண்ணீரோடு மட்டும் அனுப்பிவைப்பதில்லை. பாடியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊர்ப் பந்தாட்டக் கொட்டகையில், பந்து அடிக்கும் சுவருக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டார்கள். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. ஊர் மொத்தமும் வந்திருந்தது.

“நீ எதுக்குடி பொருள் குடுக்கறே?” என்றாள் பாஞ்சிகா, அவளுடைய நாத்தனார். “முன் வரிசையில உக்காந்து அழு. வேற யாராச்சும் குடுப்பாங்க.”

“அவனுக்கு நான் குடுத்தாத்தான் அண்ணி சரியா வரும்.”

மற்றவர்கள் பாடி முடித்ததும், கடைசியாக மார்ட்செலினைக் கூப்பிட்டாள். லாரி ஓட்டுபவன். பீப்பாய் உடம்பு. வாழ்நாள் முழுக்கப் பிஷென்டேவுக்கு எதிர்க்கட்சி பாடியவன். மைஷாபெல் சமையலறையில் சொன்ன அதே சொற்களைச் சொன்னாள்: நீ எங்கள் வாசல் கதவு. உன்னை இழைக்காமல் ஏமாற்றியவன் உன் வழியாக வெளியே போகிறான். அவனிடம் பேசு. மார்ட்செலினிடம் இருந்தாவது அந்தப் பாட்டை வாங்கிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

மார்ட்செலின் மைக் அருகே போனான். நின்றான். திரும்பி வந்துவிட்டான்.

“முடியாது.”

“என்ன முடியாது?”

“நான் எப்பவும் அந்தக் கழுதைக்கு எதிர்லதான் நின்னிருக்கேன். அவன் இடத்துல நின்னதில்ல. கதவு அவனோடது. எனக்கு இழைப்புளியைக் குடு, பாடறேன்.”

“அப்ப கதவு யாரு?”

இரண்டாவது மைக்கைத் தூக்கி அவளுடைய நாற்காலிக்கு முன்னால் வைத்தான்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். “ஊரையே மாட்டி விட்டியே மைஷாபெல்! இன்னிக்கு நீ மாட்டு!” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. பாஞ்சிகா மட்டும் சிரிக்கவில்லை.

மைஷாபெல் எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றாள். எட்டு அடி. ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு அடிகள் ஒரே ஓசையில் முடிய வேண்டும். முடிவில் வந்த சொல் மறுபடி முடிவில் வரக் கூடாது. வந்தால் அது பொட்டோ. பாடகனுக்கு அதைவிட அவமானம் இல்லை. பிஷென்டே ஒருமுறை போட்டியில் அப்படி வழுக்கினான். மறுநாள் காலையில் மார்ட்செலின் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்று, “நேத்து விழுந்த குழியை மூடணுமே, எங்க இருக்கு?” என்று கேட்டான். அதற்கெல்லாம் அவள் ஓரத்து நாற்காலியிலிருந்து சிரித்தவள். இன்று அவள் வழுக்கினால் விழுவது பிஷென்டேவின் கடைசிப் பாட்டு. அதை இரண்டாம் முறை எடுத்துக் கட்ட முடியாது.

மார்ட்செலின் தொடங்கினான். பிஷென்டே முனகிக்கொண்டு போன அதே மெட்டு. பிஷென்டேவுக்குப் பிடித்த மெட்டு எது என்று எதிரே நின்று பாடியவனுக்குத் தெரியாதா? பலகையில் துருப்பிடித்துக் கிடக்கும் இழைப்புளியாகப் பாடினான். முதலாளி என்னைத் தொட்டதில்லை, தூசிதான் தொட்டது என்றான். பிறகு மைஷாபெல் பக்கம் திரும்பி, கடைசி அடியை அவள் மேலேயே போட்டான்: ஒரே ஒரு நாள் கொடு, கிழட்டுக் கதவே, உன் சத்தத்தை அடக்கிக் காட்டுகிறேன்.

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் கையில் கடைசி அடி இல்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிஷென்டே இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வான்? எதிராளியின் கடைசி அடியைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்புவான். அந்த வித்தையை ஓரத்து நாற்காலியிலிருந்து அவளைவிட அதிகம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சத்தத்தை அடக்குகிறேன் என்கிறான். அடக்கினால்?

பிஷென்டே வீடு திரும்பும் சாயங்காலங்களில் கதவு கிரீச்சிடும். அவள் திரும்பிப் பார்க்காமலே இன்னொரு தட்டை எடுத்து வைப்பாள்.

கடைசி அடி விழுந்துவிட்டது. அதன் கடைசிச் சொல்லை நாக்குக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அது வேறு எந்த அடியிலும் நழுவி வந்துவிடக் கூடாது. கண்ணை மூடாமல் தொடங்கினாள்.

மழையைக் குடித்துப் பெருத்தேன் நான்,
மறந்தே போனது ஊசல்;
தோளால் இடித்து நீ திட்ட,
தினமும் நமக்குள் பூசல்;
“நாளை இழைப்பேன்” என்பாய் நீ,
கிரீச்சென் றெனது ஏசல்;

குரல் கரகரத்தது. ஆனால் மெட்டு நின்றது. ஆறாம் அடியில் கூட்டம் முன்னால் சாய்ந்தது. நல்ல பெர்ட்சோ என்றால் எங்கள் ஆட்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓசையைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் சொல்லை முன்னாலேயே மோப்பம் பிடித்துப் பாடகனோடு சேர்ந்து பாடி முடிப்பார்கள்.

நீ வரும் சேதி யார் சொல்வார்?
இழைத்தால் ஊமை...

“வாசல்!” என்றது ஊர். பாஞ்சிகாவின் உடைந்த குரலும் அதில் இருந்தது. அந்த ஒரு சொல் பந்தாட்டச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மைஷாபெல் நிமிர்ந்து நின்றாள். பிஷென்டே பாடி முடித்துவிட்டு நிற்பானே, அதே மாதிரி, தாடையைத் தூக்கிக்கொண்டு.

கைதட்டல் ஓய்வதற்குள் மார்ட்செலின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் காதருகே குனிந்தான். “அவன் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனானா?”

“இல்ல. சொல்லவே இல்ல.”

“அப்ப அது உன்னோடதா?”

“உன் கடைசி அடியிலேருந்து எடுத்தேன்.”

“அடிப்பாவி! அவன் போயும் உங்க வீட்டுக்காரங்ககிட்ட தோத்துக்கிட்டே இருக்கணுமா நான்?” சொல்லிவிட்டு அந்தப் பீப்பாய் உடம்பு குலுங்க அழுதான்.

பிஷென்டே கட்டிய அடி இதுதானா என்பது அவளுக்குத் தெரியாது. அவள் சிரித்து பீன்ஸை அடிபிடிக்க விடுவாள் என்றானே, ஏதாவது குறும்பாகத்தான் இருந்திருக்கும். அது அவனோடு போகட்டும். ஆனால் இதைக் கேட்டிருந்தால் பொறாமையில் அவனுக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் மழையில் மார்ட்செலின் நிஜ இழைப்புளியோடு வந்து நின்றான். மைஷாபெல் அதை வாங்கிப் பலகையில் வைத்தாள். அவனை உட்காரவைத்து பீன்ஸ் பரிமாறினாள்.

மழைக்காலத்தில் அந்தக் கதவு கல் தரையில் உரசுகிறது. அடுத்த பண்ணை வீடு வரை கேட்கிறது.